மகள் நெஞ்சில் இருந்த அதிர்வு

என் மகளின் நெஞ்சில் கை வைத்தால் கிர்ரென்று அதிரும், ஓடுகிற கிரைண்டர் மேல் கை வைத்தது போல. தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டதும் அவர் முகம் மாறியது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள்.

இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியில் ஒரு வால்வு இருக்கிறதாம். அதன் இதழ்கள் தனித்தனியாகத் திறக்க வேண்டும். இவளுக்குப் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. சின்ன இடுக்கு வழியாக ரத்தம் முட்டி மோதிப் போகிறது, அதுதான் அதிர்கிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். என் காதில் எங்கே ஏறியது? மாமியார் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததையே அவரிடம் கேட்டேன்.

"இவ வயித்துல இருக்கும்போது கிரகணத்துல நான் வெளிய வந்ததாலயா சார்?"

"அதெல்லாம் இல்லம்மா. கருவுல உருவாகும்போதே இப்பிடி. உன் மேல எந்தத் தப்பும் இல்ல."

பக்கத்தில் நின்ற மாமியாரை ஒரு பார்வை பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது.

இடுக்கு இன்னும் குறுகினால்தான் சிகிச்சை, அதுவரை அவ்வப்போது எக்கோ எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். என் பயத்துக்கு அது போதுமா? மாமல்லபுரத்தில் ஓட்டல் லாண்டரியில் எனக்கு வேலை. கிளம்பும்போது கை வைப்பேன். திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கை வைப்பேன். அதிர்ந்தால் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். "வுடும்மா" என்று அவள் நெளிவாள். விடமாட்டேன்.

நாலு வயதில் இடுக்கு குறுகிவிட்டது. நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, அதன் நுனியிலுள்ள பலூனை ஊதி இதழ்களைப் பிரித்துவிடலாம் என்றார்கள். சென்னைக்குப் போனோம். அவளை உள்ளே கொண்டுபோனதும் கெங்கையம்மனில் தொடங்கி மாதா வரை ஒருத்தரையும் விடாமல் வேண்டிக்கொண்டேன்.

வெளியே கொண்டுவந்து வார்டில் படுக்கவைத்தார்கள். மயக்கத்தில் தூங்கினாள். வழக்கம்போலக் கை வைத்தேன்.

அதிரவில்லை.

அழுத்திப் பார்த்தேன். ஊகூம்.

"ஐயோ, எம் பொண்ணு பூட்டாளே!"

நான் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து நின்றது. நர்ஸ் ஓடிவந்து மானிட்டரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னை முறைத்தார்.

"இன்னாம்மா ஆச்சு ஒனக்கு?"

"நெஞ்சு அதிரலயே சிஸ்டர்!"

"அத்த நிறுத்தத்தானேம்மா இம்மாம் பாடு பட்டாங்க! அது நோவு போட்ட சத்தம்." என் கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் கீழே வைத்தார். "இங்க பாரு."

டொக், டொக் என்று ஒரு சாதாரணத் துடிப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதுதான். இத்தனை நாளும் நோயையா உயிர் என்று நம்பிக்கொண்டிருந்தேன்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. எக்கோவுக்குத் தவறாமல் கூட்டிவரணும், பல்லில் சொத்தை விழுந்தால் கிருமி ரத்தம் வழியாக இதயத்துக்குப் போகலாம், அதனால் பல்லைப் பார்த்துக்கொள்ளணும், நன்றாக ஓடி விளையாடட்டும் என்று டாக்டர் சொன்னதெல்லாம் பிறகுதான்.

என் கூச்சலில் மகள் பாதிக் கண் திறந்தாள்.

"கைய எடும்மா, வெயிட்டா கீது."

சொன்னதும் எடுத்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக.