மறியல் சாலையில் நாலு கிழவர்கள்

துபாயிலிருந்த சிநேகிதன் அனுப்பிய கேசட் அது. ரிக்கார்டு கம்பெனிக்காரன் சொன்னபடியெல்லாம் பாட மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டு திரிந்த நாலு பெரிய அமெரிக்கப் பாடகர்கள், தலை நரைக்கும் வயதில் ஒன்றுசேர்ந்து பாடிய ஆல்பம். வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த நான் அதற்குப் பைத்தியமாகிவிட்டேன். என் மனைவிக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

"நாலு கிழவனும் வெத்தலய மென்னுக்கினு பேசற மாதிரி கீது. இதுக்குப் பேரு பாட்டாங்க?" என்பாள்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வாரத்தில்தான் அவளுக்கு இடுப்பு வலி கண்டது. தலைப்பிரசவம். பனிக்குடம் வேறு உடைந்துவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். வாடகை ஜீப் ஒன்று பிடித்தேன். பின்சீட்டில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். என் மடியில் டேப் ரிக்கார்டர். பாட்டு ஓடினால் தைரியம் வரும் என்று போட்டுவிட்டேன். என்ன மடத்தனம்!

கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அங்கே முப்பது நாற்பது பேர். காலையில்தான் அதிகாரிகள் போலீசோடு ஜீப்பில் வந்து அவர்களை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாது. ஜீப்புக்குள்ளிருந்து இங்கிலீஷ் கேட்டதும் அவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள்.

"ஆபீசருங்கடா! உடாதீங்க, அடி!"

கல் வந்தது. கண்ணாடி நொறுங்கியது. நான் சட்டென்று குனிந்து டேப் ரிக்கார்டரின்மேல் கவிழ்ந்துகொண்டேன். துடித்துக்கொண்டிருக்கிறவள் பக்கத்தில் இருக்கிறாள், நான் பாட்டுப்பெட்டியைக் காப்பாற்றுகிறேன்! அவள் தன் வயிற்றைத் தானே இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். நெற்றியில் கண்ணாடி கிழித்து ரத்தம் வழிந்தது.

கத்தியதும் அவள்தான். "அடப் பாவிங்களா! புள்ள பெறப் போறவள அடிக்கிறீங்களே, உங்க வூட்ல பொம்பளைங்க இல்லியா?"

கூட்டம் அப்படியே நின்றது. கல்லெறிந்தவனே முதலில் ஓடிவந்தான். "ஐயோ, தெரியாம அட்சிட்டம்மா," என்று அழுதுவிட்டான். ஜீப் சீட்டைக் கழற்றி, அதில் அவளைக் கிடத்தி, நாலைந்து பேராகச் சேர்ந்து மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். அங்கிருந்து அவர்களுடைய டிராக்டரிலேயே ஆஸ்பத்திரி வரை போனோம்.

பெண் குழந்தை. அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. உள்ளே போனேன். அவள் நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"டேப்புக்கு ஒண்ணும் ஆவலியேங்க?" என்று கேட்டாள்.