கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்

மாடுலர் கிச்சன் விற்கிற தொழிலில் பொய்யே கிடையாது, ‘கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்’ என்ற ஒன்றைத் தவிர. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஷோரூமில் எனக்கு வேலை. வீடு வீடாகப் போய் அடுப்படியை அளந்து, படம் வரைந்து, விலை போட்டுக் கொடுக்க வேண்டும். ஆபீஸில் அதற்கு ப்ரொபோசல் என்று பெயர். கொடுத்த மூன்றாம் நாள் நாமே போன் செய்து கேட்க வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம். எதை விற்கப் போனாலும் சரி, இந்தப் பதிலோடு திரும்பி வந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

செம்பாக்கத்து அக்கா

ஏரிப் பக்கம் புது வீடு. மிக்ஸிக்குத் தனி இடம், எண்ணெய் பாட்டிலுக்கு டிராயர் என்று அக்கா படத்தை மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் சளைக்காமல் மாற்றினேன். பிறகு கலந்து பேசப் போனவர் போனையே எடுக்கவில்லை. சில வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“உன் படத்த வச்சே எங்க ஆசாரி செஞ்சு முடிச்சிட்டாரும்மா. ஒரு டிராயர் மட்டும் தொறக்க மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாக்கறியா?”

டீ கொடுத்த பாய்

மேற்குத் தாம்பரத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய், நான் அளந்து முடிக்கும்வரை கூடவே நின்று, டீ கொடுத்து, கலந்து பேசுவதாகச் சொல்லி அனுப்பினார். அப்புறம் என் நம்பரைப் பார்த்தாலே போன் அணைந்துவிடும். ஒருநாள் கடைக்கே போய் நின்றேன். வேண்டாமென்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே பாய் என்று கேட்டேன். அவருக்கு நிஜமாகவே சங்கடமாகிவிட்டது.

“வேணாம்னு மூஞ்சிக்கு நேரா எப்பிடிம்மா சொல்றது? டீ வேற குடுத்துட்டேனே.”

என்னைப் பார்க்க வந்தவர்கள்

பல்லாவரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் சரவணன். பஜ்ஜி சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப்போய் சிங்க்கில் வைத்தவர், சிங்க் இவ்வளவு தாழ்வாக இருக்கிறதே, முதுகு வலிக்காதா என்று என் அம்மாவிடம் கேட்டார். எத்தனையோ வீட்டு அடுப்படியில் நின்றிருக்கிறேன், இப்படிக் கேட்ட ஆம்பளையைப் பார்த்ததில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. கிளம்பும்போது அவருடைய அம்மா, கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும்தான் அந்தப் பதிலின் அர்த்தம் தெரியும்.

பெண் வீட்டார் போன் செய்து கேட்கிற வழக்கமில்லை என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் ஷோரூமிலிருந்து நானே சரவணனுக்குப் போன் செய்தேன். பழக்க தோஷம், தொழில் குரல்தான் வந்தது. “வணக்கம் சார், கலந்து பேசிட்டீங்களா? ஏதாவது மாத்தணுமா?” என்று கேட்டுவிட்டேன்.

“மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லைங்க. ஊரெல்லாம் அலையற வேலையாச்சேன்னு அம்மாதான் யோசிக்கிறாங்க. நீங்களே வந்து அவங்ககிட்ட பேசுங்களேன்.”

பல்லாவரத்தில் நேரில்

சனிக்கிழமை அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். அப்பாவிடம் திருநீர்மலைக் கோயிலுக்கு என்று சொன்னோம். போகும் வழியில் மலையேறிக் கும்பிட்டுவிட்டும் போனோம், அதனால் அது பொய்யில்லை. சரவணனின் அம்மா எங்களைப் பார்த்துத் திகைத்து, உட்காரச் சொல்லி, காபி போட்டுக் கொடுத்தார். பாயை நினைத்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தேன். உங்கள் பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வேலையை விட மாட்டேன் என்று சொன்னேன். அவர் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேணாம்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். நேர்ல வந்து உக்காந்துட்ட, காபி வேற குடுத்துட்டேன். இனிமே எப்பிடிம்மா சொல்றது?”

கல்யாணம் ஆகி, அந்த வீட்டு அடுப்படியையும் அளந்து ப்ரொபோசல் கொடுத்திருக்கிறேன், மாமியார் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறாராம்.