லா ஷப்பலின் சிற்றரசர்கள்

வியாழன்

ருடோல்ஸ்டாட்டிலிருந்து பாரிஸுக்குப் போவதென்றால் மூன்று இடத்தில் ரயில் மாற வேண்டும். ஒருவழிக்கு எழுபத்தொன்பது யூரோ. ஐப்பசிக் குளிரில், விடியுமுன்னே நிலையத்துக்கு வந்துவிட்டேன். இந்த ஜெர்மன் சிறுநகரத்தின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஜெர்மன்காரரிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. அகதி விண்ணப்பம் கொடுத்தபோது என்னை இங்கே அனுப்பினார்கள். கூட வந்தவர்கள் பாரிஸுக்கும் லண்டனுக்கும் ஓடிவிட்டார்கள். நான் சோம்பலில் இருந்துவிட்டேன், இப்போது நகர நூலகத்தில் வேலை செய்கிறேன். ஊருக்கு மேலே மலையில் பெரிய அரண்மனை ஒன்று உண்டு, ஏனென்றால் இது ஒரு காலத்தில் ஒரு நாட்டின் தலைநகரம்.

பாரிஸில் என் அண்ணை சபாநாதன் சாகக் கிடக்கிறார். ஈரலில் வந்த புற்றுநோய் மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது. போன கிழமை தொலைபேசியில் என்னிடம் ஒன்று கேட்டார்.

"லா ஷப்பலிலை என்ரை படம் ஒருக்காத்தான் ஒட்டோணும். ரெண்டு அஞ்சலி வேண்டாம். நீ வந்து கதைச்சுச் சரிப்பண்ணு."

லா ஷப்பல் என்பது பாரிஸில் நம்மவர்களின் கடைத்தெரு. அங்கே நம்மவர் ஒருவர் இறந்தால் கடைக் கண்ணாடிகளில் 'கண்ணீர் அஞ்சலி' என்று அவருடைய படத்தோடு ஊர்ச் சங்கம் ஒரு நோட்டீஸ் ஒட்டும். எங்கள் ஊருக்கோ இரண்டு சங்கங்கள். அதனால் எங்கள் ஊர்க்காரர் எவர் செத்தாலும் இரண்டு தரம் சாவார். ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எந்தச் சங்கத்தின் கண்டனம் முதலில் வரும் என்று அதற்கும் ஒரு போட்டி நடக்கும்.

அந்த ஊர்ச் சங்கத்தைப் பாரிஸில் தொடங்கியவரே அண்ணைதான். ஆறு வருடத்துக்கு முன் ஆண்டு விழாவில் அது உடைந்தது. குத்துவிளக்குக்கு ஐந்து முகம். மேடைக்கு அழைத்த பிரமுகர்களோ ஆறு பேர். ஐந்து பேர் ஏற்றி முடிய, ஆறாமவர் தில்லையம்பலம் கையில் மெழுகுதிரியோடு நின்றார். அதை ஊதி அணைத்துவிட்டு மேடையால் இறங்கிப் போனார். மறுமாதம் அவர் தலைமையில் இரண்டாவது சங்கம் பிறந்தது.

சால்ஃபெல்டில் மாறி எர்ஃபுர்ட் ரயிலில் ஏறினேன். இந்தப் பாதையில் போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், இன்றைக்கு வரவில்லை. 1918 வரைக்கும் ருடோல்ஸ்டாட் ஒரு நாடு. பக்கத்துச் சால்ஃபெல்ட் வேறு ஒரு கோமகனின் நாடு. அதற்கடுத்த பாட் பிளாங்கன்பூர்க்கில் திரும்பவும் எங்கள் நாடு வந்துவிடும். ஆர்ன்ஸ்டாட் இன்னொரு நாடு, எர்ஃபுர்ட் பிரஷ்யா. தேநீர் ஆறுவதற்குள் நான்கு அரசுகளைக் கடந்துவிடலாம்.

எங்கள் நாடும் ஆர்ன்ஸ்டாட்டை வைத்திருந்த நாடும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஷ்வார்ட்ஸ்பூர்க் என்று ஒரே வம்சம். இந்த ரயில் நின்று போகும் ஸ்டாட்டில்ம் என்ற சின்ன ஊரில் வைத்து 1599இல் பங்கு பிரித்தார்கள். நம்முடைய காணிப் பிரிவினை மாதிரியே, ஆளுக்கு வடக்கில் ஒரு துண்டு, தெற்கில் ஒரு துண்டு. அதிலிருந்து ருடோல்ஸ்டாட்டில் ஒரு அரசு, சோண்டர்ஸ்ஹவுசனில் ஒரு அரசு. இரண்டு அரண்மனை, இரண்டு படை, இரண்டு வகைப் பதக்கம். கடைசிக் காலத்தில்கூட ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் சனந்தான். 1909இல் சோண்டர்ஸ்ஹவுசன் இளவரசர் பிள்ளை இல்லாமல் இறந்தபோது, ருடோல்ஸ்டாட் இளவரசருக்கு அந்த நாடும் வந்தது. அப்போதும் நாடுகள் ஒன்றாகவில்லை, ஒரு தலையில் இரண்டு கிரீடம் இருந்தது. அவருக்கும் பிள்ளை இல்லை. 1918 நவம்பரில் ஜெர்மன் அரசர்கள் எல்லோரும் இறங்க, கடைசியாக இறங்கியவர் இவர். நாடு இரண்டு என்பதால் சில நாள் இடைவெளியில் இரண்டு தரம் முடி துறக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையைத்தான் நான் ஆயுதமாகக் கொண்டு போனேன். வேறு என்ன என்னிடம் இருக்கிறது?

பிராங்க்ஃபர்ட்டுக்குப் பிறகு பக்கத்தில் இருந்த ஜெர்மன் அம்மா எங்கே பயணம் என்று கேட்டார். அண்ணனைப் பார்க்க என்றேன். "குடும்ப விஷயமா?" என்றார். "இல்லை, அரச விஷயம்" என்றேன். அவர் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

பிற்பகல் கார் து லெஸ்ட் நிலையத்தில் இறங்கி, ஃபோபூர் சென் தெனி வீதியால் மேலே நடந்தேன். கால் மணி நடையில் மல்லிகைப்பூவும் கருவாடும் ஒன்றாக மணக்கத் தொடங்கியது. ஒன்றரை யூரோவுக்குத் தேநீர் வாங்கிக்கொண்டு லா ஷப்பலின் கடைக் கண்ணாடிகளைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கிழவி ஒருத்தி இறந்திருக்கிறாள். அடுத்தடுத்து இரண்டு நோட்டீஸ், ஒரே படம். ஒன்றில் வயது எண்பத்தொன்று, மற்றதில் எண்பத்திரண்டு. வயதில்கூட ஒத்துப்போக மனம் வரவில்லை.

கார் து நோர் நிலையத்தில் ஏர்-ஏ-ஏர் புறநகர் ரயில் பிடித்து, அண்ணையின் வீடு இருக்கும் பியர்ஃபித் போனேன். அண்ணி விமலா கதவைத் திறந்தார். அண்ணை மஞ்சள் பூத்துப்போய்க் கட்டிலில் கிடந்தார். என்னை எட்டு வயதில் சைக்கிள் பாரில் இருத்தி ஓடிய ஆள், இப்போது போர்வைக்குள் ஆள் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

"எடேய், பேந்து அழலாம். முதல் குணரத்தினத்தைப் போய்ப் பார்" என்றார்.

வெள்ளி

குணரத்தினம் முதலாவது சங்கத்தின் தலைவர். லா ஷப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். முருங்கைக்காய்ப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கைகழுவிவிட்டு வந்தார்.

"அண்ணைக்கு என்ன மாதிரி? நான் போனகிழமையும் போய்ப் பாத்தனான். அவருக்கு நாங்கள் கலரிலை அடிப்பம். பெரிசா."

"அவர் பெரிசாக் கேக்கேல்லை. ஒண்டாக் கேக்கிறார்" என்றேன். பிறகு அந்த இரண்டு நாட்டின் கதையை முழுதாகச் சொன்னேன். நல்ல கவனமாகக் கேட்டார். முடிந்ததும் கேட்டார்:

"அப்ப எந்தப் பக்கம் முதல் பிள்ளையில்லாமல் அழிஞ்சது?"

"சோண்டர்ஸ்ஹவுசன்."

"அது தில்லையம்பலத்தின்ரை ஆக்கள். நான் அப்பவே சொன்னனான், கனகாலம் நிக்காது எண்டு. நாங்கள் மற்றது. அதின்ரை பேர் என்னவெண்டனீர்?"

பின்னேரம் சென் தெனி புறநகருக்குப் போனேன். தில்லையம்பலம் அங்கே சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கஃபேயில் காத்திருந்தார். அவருக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"தம்பி, ஆறு பேரைக் கூப்பிட்டவனுக்கு விளக்கிலை எத்தினை முகம் எண்டு எண்ணத் தெரியாதோ? என்ரை பெஞ்சாதி வீடியோ எடுத்துக்கொண்டு நிண்டவ."

அது நியாயமான கேள்வி என்றே எனக்குப் பட்டது. அந்த மனிதன் மெழுகுதிரியோடு நின்ற கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது. ஆனால் ஒரு திரியின் நட்டத்துக்கு ஒரு சங்கமா? அவருக்கும் அதே கதையைச் சொன்னேன். அவரும் நல்ல கவனமாகக் கேட்டார்.

"பாத்தீரோ? அகங்காரம் பிடிச்ச பக்கந்தான் அழிஞ்சிருக்கு. கடைசிமட்டும் நிண்டது ருடோல்ஸ்டாட். அது நாங்கள்."

முந்நூறு வருட வரலாற்றை இரண்டு பேருக்கும் கொட்டிக் கொடுத்தேன். இரண்டு பேரும் தங்களுக்கு வேண்டிய இளவரசனைப் பொறுக்கிக்கொண்டார்கள். ஆனாலும் போகும்போது இருவரும் ஒரு வார்த்தை தந்தார்கள்: சபாநாதனுக்காக நாளைக்கு ஒரு மேசையில் இருந்து கதைப்பார்கள். அன்றிரவு அண்ணையிடம் அதைச் சொன்னேன். அண்ணி காய்ச்சி வைத்தும் அதுவரை தொடாதிருந்த கஞ்சியை அண்ணை எடுத்து அரைக் கோப்பை குடித்தார்.

சனி

ரூ பஜோல் தெருவுக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறை. பக்கத்துக்கு ஐந்து பேராக வந்தார்கள். ரோல்ஸும் தேநீரும் வந்தன. முதல் அரை மணி நேரம் எல்லோரும் அண்ணையைப் பற்றியே கதைத்தார்கள். பனிக்காலத்தில் புதிதாக வந்தவனுக்குத் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்ததை, ஒரே அறையில் ஒன்பது பேரைப் படுக்க வைத்ததை, ஆளுக்காள் எடுத்துக் கொடுத்துக் கதைத்தார்கள். குணரத்தினம் கண்ணைத் துடைத்தார். தில்லையம்பலம் தன்னுடைய கைலேஞ்சியை அவருக்கு நீட்டினார். வெண்ணெய் திரண்டுவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு நோட்டீஸ், கீழே இரண்டு சங்கத்தின் பெயரும். இருவரும் ஓம் என்றார்கள். பிறகு யாருடைய பெயர் மேலே என்ற கேள்வி வந்தது.

பக்கத்துப் பக்கமாகப் போடலாம் என்றேன். அப்படியென்றால் இடது யாருக்கு, வலது யாருக்கு? வயதில் மூத்த சங்கம் முதல் என்றார் குணரத்தினம். ஆள்பலம் கூடின சங்கம் முதல் என்றார் தில்லையம்பலம். பெயரே வேண்டாம், 'ஊர் மக்கள்' என்று மட்டும் போடுவோம் என்று நான் கெஞ்சினேன்.

"பேர் இல்லாமல் போட்டால், அது மற்ற ஆக்கள் அடிச்சதெண்டெல்லோ சனம் நினைக்கும்?" இந்த இடத்தில் மட்டும் இரண்டு தலைவர்களும் ஒருமித்து நின்றார்கள்.

அப்போதுதான் இதுவரை வாய் திறக்காத பாஸ்கரன் எழும்பினார். அவர் குணரத்தினத்தின் சங்கத்தில் பொருளாளர், சண்டை சச்சரவுக்குப் போகாத மனிதர்.

"எனக்கு வெக்கமாக் கிடக்கு. சாகப்போற மனிசனுக்கு ஒரு தாள் ஒட்ட உங்களாலை ஏலாது. உங்கள் ரெண்டு பேரையும் விட்டிட்டு, ஊர் ஒற்றுமைக்கெண்டு நாங்கள் ஒண்டு தொடங்குறம். ஆர் வாறியள்?"

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டியும் விட்டேன். நான்கு பேர் கை உயர்த்தினார்கள், இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு இரண்டாக. தேநீர் ஆறுமுன்னே ஒற்றுமைப் பேரவைக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வந்துவிட்டார்கள். ஜெர்மனிக் கிளைக்கு என்னைத் தலைவராகப் போட்டார்கள். ருடோல்ஸ்டாட்டில் எங்கள் ஊர்க்காரன் நான் ஒருவன்தான், ஆளில்லாத கிளைக்குத் தலைவர் எதற்கு, வேண்டாம் என்று சொன்னேன். தன்னடக்கம் என்று சொல்லி எழுதிக்கொண்டார்கள். பிறகு பாஸ்கரன் என் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதையுங்கோ. அண்ணைக்கு எங்கடை அஞ்சலிதான் திறமா வரும்."

தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவது நாட்டை உண்டாக்கியதற்குக் கை தட்டியவன் நான்.

ஞாயிறு

பொய் சொல்லலாம் என்றுதான் அண்ணையின் கட்டிலடிக்குப் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டுதானோ?"

"மூண்டு" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அண்ணி ஓடி வந்தார், அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் இன்னும் கொஞ்சம் பிந்திச் செத்தால் நாலாகும். கெதியாச் செத்திட வேணும், என்ன?"

அவருடைய மகள் ஷாலினி பிரெஞ்சில் தாயிடம் என்னவென்று கேட்டாள். அண்ணி தமிழில் விளங்கப்படுத்த, அவள் பிரெஞ்சிலேயே, எல்லாம் ஒரே ஊர்தானே என்றாள். அந்த ஊரை அவள் கண்டதில்லை. எந்தச் சங்கத்துக்கும் அவள் போகப் போவதில்லை, அவளோடு படித்த பிள்ளைகளும் போகப் போவதில்லை. ஷ்வார்ட்ஸ்பூர்க் இளவரசர்களுக்குப் பிள்ளைகள் இல்லாமல் போனதால் நாடுகள் ஒருவர் கைக்கு வந்தன. எங்களுக்குப் பிள்ளைகள் இருந்தும் அப்படித்தான் முடியப் போகிறது. கடைசியில் ஒரு கிழவன் மூன்று சங்கத்தின் முத்திரையையும் வைத்துக்கொண்டு லா ஷப்பலில் தனியே நிற்பான். அவன் மூன்று தரம் பதவி விலக வேண்டியிருக்கும். அவனுக்கு அஞ்சலி ஒட்ட ஆள் இருக்காது.

வெளிக்கிடும்போது அண்ணை என் கையை விடவில்லை. "போட்டு வாறன்" என்றேன்.

பிறகு

தை மாதத்தில் அண்ணை போய்விட்டார். அதே ரயில், அதே நான்கு அரசுகள், வயலெல்லாம் வெண்பனி. செத்தவீடு முடிந்த மறுநாள் அண்ணி தன்னை லா ஷப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். குணரத்தினத்தின் கடைக்கு எதிரே ஒரு கண்ணாடியில் மூன்றும் வரிசையாக இருந்தன. முதலாவது கலரில், பெரிதாக. இரண்டாவதில் படத்தைச் சுற்றிக் குத்துவிளக்கு, அதற்கு ஆறு முகம் வரைந்திருந்தார்கள். மூன்றாவதில் 'ஒற்றுமைப் பேரவை' என்று போட்டு, கீழே ஜெர்மனிக் கிளைத் தலைவர் என்று என் பெயர்.

"தம்பி, ஒண்டுதானே கேட்டவர். மற்ற ரெண்டையும் கிழிச்சு விடுங்கோ" என்றார் அண்ணி.

என் பெயர் இருந்ததை முதலில் கிழிப்போம் என்று கிட்டப் போனேன். அதில் அண்ணை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றதுக்குப் போனேன், அதிலும் அவர்தான். மிச்சமிருந்ததிலும் அதே சிரிப்பு, அதே சாம்பல் நிறக் கோட்டு. எந்த முகத்தில் நகம் வைப்பது? அண்ணியும் கையை நீட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். கடைசியில் மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு, அண்ணியை ஏர்-ஏ-ஏரில் ஏற்றிவிட்டு, நான் என்னுடைய ரயிலுக்கு நடந்தேன்.