இடது கண்ணுக்குக் கீழே ஒரு சுழி

என் கணவர் குதிரையைக் குளிப்பாட்டும்போது என்னைப் பக்கத்தில் விடவே மாட்டார். "தள்ளிப் போ, ஒதைச்சிரும்" என்பார். உதைக்கிற குதிரையா அது? தினமும் என் கையால் வெல்லம் வாங்கித் தின்கிறது. சமையலறை ஜன்னலில் மூக்கை நுழைத்துக்கொண்டு நான் தாளிப்பதை வேடிக்கை பார்க்கிறது. அது என்னை உதைக்குமாம், நான் நம்ப வேண்டுமாம்!

சந்தேகம் எனக்கு ரத்தத்திலேயே ஊறியது, ஒத்துக்கொள்கிறேன். பால்காரர் கண்ணெதிரே அளந்து ஊற்றினாலும் சொம்பை ஒருமுறை தூக்கிப் பார்ப்பேன். ஆனால் இந்த முறை காரணம் இருந்தது. புத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தட்டி கட்டி, அதற்குள் நின்றுதான் அவர் குதிரையைக் கழுவினார். அதற்கு முன் நாலைந்து வருடம் கல்யாண ஊர்வலங்களில் யாரோ ஒருவருடைய குதிரைக்குக் கயிறு பிடித்தவர். இது எங்கள் சொந்தக் குதிரை. செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண் குதிரை, காளஹஸ்தியிலிருந்து வாங்கி வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வந்த நாளிலிருந்து அதன் முகக்கயிறு என் கண்ணெதிரில் ஒரு வேளைகூடக் கழன்றதில்லை. அந்தக் கயிற்றின் இரண்டு பக்கமும், கன்னத்தில் விழுகிற மாதிரி, சிவப்புக் கம்பளி நூலில் உள்ளங்கை அகலக் குஞ்சம் தைத்திருந்தார். சட்டைப் பொத்தான் தைக்கச் சொன்னால் ஊசிக் காது தெரியவில்லை என்கிற மனிதர் அவர்.

பிறகு ஒரு கார்க்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம். இரண்டு முறை வந்து குதிரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், போனில் படம் எடுத்தார். இரண்டு முறையும் என் கணவர் என்னிடம், "நீ உள்ள இரு" என்றார். வாசலில் இருவரும் தெலுங்கில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். கார் போன பிறகு கேட்டேன்.

"யாரு அது?"

"தெரிஞ்சவரு."

"தெரிஞ்சவருன்னா? இன்னாத்துக்கு வந்தாரு?"

"உனுக்கு எதுக்கு அதெல்லாம்?"

எனக்கு விளங்கிவிட்டது, குதிரையை விற்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் ஒரு மைதானத்தில் குதிரைக் காட்சி. நாட்டியக் குதிரைகளுக்குப் போட்டி. குளிப்பாட்டிச் சிங்காரித்துக் கூட்டிப்போய், அங்கேயே கயிற்றை அந்த ஆள் கையில் கொடுத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு வரப் போகிறார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் குதிரை என்னைக் கண்டால் கனைக்கும். என்னைக் கண்டு சந்தோஷப்படுகிறவர்கள் ஊரில் அதிகம் பேர் இல்லை. என் முதல் கணவர் கல்யாணமான பதினோராவது மாதம் சித்தூர் ரோட்டில் விபத்தில் போய்விட்டார். நான் காலெடுத்து வைத்த நேரம் என்று அந்த வீட்டில் சொன்னார்கள். கொஞ்ச நாளில் ஊரே சொன்னது. ஆறு வருடத்துக்கு முன் இவர் என்னை ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டபோது இவருடைய அக்கா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சரி, அவர்கள் கிடக்கட்டும். இவர்? இத்தனை கல்யாண ஊர்வலம் போகிறாரே, ஒன்றுக்காவது என்னைக் கூப்பிட்டதுண்டா? கேட்டால், "அங்க நின்னுக்கினே இருக்கணும், கால் கடுக்கும்" என்பார். அதையும் நான் மனதில் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குதிரையை ஏற்றிப்போக வேண்டிய குட்டி லாரி வரவில்லை, டிரைவர் போனை அணைத்து வைத்துவிட்டார். வேறு வண்டி பிடிக்க அவரே ஓட வேண்டியதாயிற்று. தட்டிக்கு வெளியே நின்ற என்னையும் உள்ளே நின்ற குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு வழியில்லை.

"ஒடம்ப மட்டும் கழுவு. மூஞ்சில கைய வெக்காத. முகக்கயித்த அவுக்காத. நான் வந்து பாத்துக்கிறேன்."

இப்படி ஒரு ஆள் சொன்னால் யாருக்குத்தான் அவிழ்க்கத் தோன்றாது?

இருந்தாலும் முதலில் உடம்பைத்தான் கழுவினேன். குதிரைக்கு எடுத்த எடுப்பில் முதுகில் தண்ணீர் ஊற்றக் கூடாது, திடுக்கிட்டுத் துள்ளும். குளம்பில் தொடங்கி மெல்ல மேலே வர வேண்டும். ஐந்து மாதம் தட்டி இடுக்கில் வேவு பார்த்துக் கற்றுக்கொண்டது இது. பத்துப் பாக்கெட் ஷாம்பு கரைத்து, தேங்காய் நாரால் தேய்த்தேன். வயிற்றுக்கடியில் தேய்க்கும்போது அது மேலுதட்டை நீட்டிச் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. ஒரு பக்கமாக நின்று வாலைச் சிக்கெடுத்தேன், பிடரி மயிருக்கு எண்ணெய் தடவினேன், குளம்பில் அப்பியிருந்த சாணியை நோண்டி எடுத்துவிட்டு அதற்கும் எண்ணெய் பூசினேன். ஈரம் காய்வதற்குள் விட்டால் போய் மண்ணில் புரண்டுவிடும், அதனால் கயிற்றைக் கையிலேயே சுற்றிக்கொண்டு வெயிலில் நிறுத்தினேன். வெயிலில் அதன் உடம்பு மினுமினுத்தது. முகம் மட்டும் புழுதியாக இருந்தது. ஈரத்துணியைப் பிழிந்தேன். முகக்கயிற்றை அவிழ்த்தேன்.

இடது கண்ணுக்குக் கீழே, இரண்டு விரல் தள்ளி, ஒரு சுழி.

எங்கள் பக்கத்தில் குதிரை வாங்குகிறவர்கள் பல்லைப் பார்க்கும் முன் சுழியைத்தான் பார்ப்பார்கள். கண்ணுக்குக் கீழே மயிர் சுழித்திருந்தால் அந்தக் குதிரை கட்டிய வீட்டில் கண்ணீர் நிற்காது, ஆண்பிள்ளை தங்கமாட்டான் என்பார்கள். அப்படிப்பட்ட குதிரை மேல் யாராவது மாப்பிள்ளையை ஏற்றுவார்களா? சுழி இருப்பது தெரிந்தால் ஒரு கல்யாணம்கூட வராது. அத்தோடு எங்கள் பிழைப்பு முடிந்தது. கையில் துணியோடு அப்படியே நின்றேன். குதிரை என் தோளில் மூக்கை வைத்துத் தேய்த்தது.

அவர் வண்டியோடு வந்து இறங்கியதும் கேட்டேன். "இது இன்னாது?"

பார்த்தார். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அவுத்துட்டியா?"

"வாங்கும்போதே தெரியுமா உனுக்கு?"

"தெரியும். காளஹஸ்தில அந்த வூட்டு ஆம்பள செத்துட்டாரு. பழிய தூக்கி இது மேல போட்டுட்டாங்க. யாரும் தண்ணிகூட வெக்கல. எலும்பும் தோலுமா நின்னுக்கினு இருந்துச்சு."

"அதான் குஞ்சம் கட்டி அந்தக் காருக்காரன் தலையில கட்டப் பாக்கிற."

"விக்கவா? யாரு சொன்னா? அவரு புள்ளைக்கு வர மாசம் திருப்பதில கல்யாணம். ஊர்வலத்துக்குக் கேக்கிறாரு. இன்னிக்கி இது ஆடுறத பாத்துட்டு முடிவு சொல்றேன்னாரு."

அப்பாடா என்று இருந்தது, ஒரு நிமிடம். மறு நிமிடமே அதைவிடப் பெரிய சந்தேகம் வந்தது. ஊருக்கு மறைத்தார், தொழில், சரி. எனக்கு ஏன் மறைத்தார்?

"என்னியும் இப்பிடித்தான மறைச்சு வெச்சுக்கீற? அந்தாளு வந்தா உள்ள இருன்ன. ஒரு கல்யாணத்துக்குக் கூட்டினு போனதில்ல. அப்ப நீயும் நம்புற. என்னக் கண்டா உனுக்கு பயம். இல்லன்னு சொல்லு பாப்போம்!"

அவர் எழுந்து முகக்கயிற்றை எடுத்துக் குதிரைக்கு மாட்டப் போனார். எனக்கு வந்ததே கோபம்!

"வையி கீழ. மூடினா அது நெசம்னு ஆயிரும். தொறந்த மூஞ்சியாத்தான் வரும். நானும் வரேன்."

"தொழில் பூடும்."

"போவட்டும்."

குஞ்சம் இல்லாத வெறும் கடிவாளத்தை மாட்டி ஏற்றினோம். திருப்பதி போய்ச் சேரும் வரை அவர் பேசவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லையே. ஆறு வருடம் இந்த மனிதர் என் பக்கத்தில் பயந்துகொண்டேதான் படுத்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ரேணிகுண்டா தாண்டும்போது கண் கலங்கியது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மைதானத்தில் மேளம் காதைப் பிளந்தது. எங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது அந்தக் கார்க்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். குதிரையின் கழுத்தைத் தட்டினார். முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அய்யய்யோ, இதேன்டய்யா இதி!" என்று தெலுங்கில் கத்திக்கொண்டே என் கணவர் பக்கம் திரும்பினார். "கண்ணுக்குக் கீழ சுழி! இது மேலயா என் பையன ஏத்தப் பார்த்த? வர்ற பொண்ணு கழுத்துல தாலி நிக்குமா?"

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தாங்கவில்லை.

"இன்னா சார் பெரிய சுழி? மொதல் புருஷன் செத்தவ நான். என்னியும் இப்பிடித்தான் சொன்னாங்க. இவரு ரெண்டாவது. ஆறு வருஷமா என் கையாலதான் துன்னுக்கினு கீறாரு. ஒரு ஜொரம்கூட வந்ததில்ல. நல்லா பாத்துக்கோங்க!"

கத்திவிட்ட பிறகுதான் இத்தனை பேர் கேட்டுவிட்டார்களே என்று உடம்பு கூசியது. அந்த மனிதர் என் கணவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

"ஏம்ப்பா, நீ சொல்லு. உனக்குப் பயமே இல்லையா?"

காலையிலிருந்து நான் கேட்டுப் பதில் வராத அதே கேள்வி. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பயந்தான் சார்" என்றார்.

கேட்டாயிற்று, போதும் என்று இருந்தது.

"லாரி ஓட்டிக்கினு இருந்தேன் சார். நல்ல வேல. இவளக் கட்டிக்கினப்புறம் ஸ்டேரிங்க புடிச்சா கை நடுங்கும். என் உசுருக்கு இல்ல சார். எனக்கு எதுனா ஒண்ணு ஆயிட்டா, ரெண்டாவது வாட்டியும் இவளத்தான சொல்வாங்க? அதான் லாரிய வுட்டுட்டு, இப்பிடி நடந்து போற வேலைக்கு வந்துட்டேன்."

அந்த மனிதர் திரும்பி நடந்து போய்விட்டார். அந்தக் கல்யாணம் கைவிட்டுப் போயிற்று என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் அழுதுகொண்டே என் கணவரைத் திட்டினேன். பாவி மனுஷன், முதுகுவலியால் லாரியை விட்டேன் என்றல்லவா என்னிடம் சொல்லியிருந்தார்! ஐந்து வருடமாகத் தினமும், வலிக்கவே வலிக்காத அந்த முதுகுக்கு நான் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.