சணப்புக்குள் எறும்புகள்

என் கணவர் சவுதியில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு, நெஞ்சுவலியோடு ஊர் திரும்பினார். இனி வெயிலில் வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடுமியான்மலை ரோட்டை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. சித்திரையில் கோடை மழை பெய்ததும், சணப்பும் தட்டைப்பயறும் கலந்து விதைக்கச் சொன்னார். பூக்கும்போது மடக்கி உழுதுவிட்டால் அடுத்த நெல்லுக்கு அதுவே உரம். அவருடைய தம்பிதான் விதைத்தார்.

பயிர் இடுப்பளவு வந்தபின் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் பிளாஸ்க்கில் டீயை ஊற்றிக்கொண்டு நானும் கூடப் போவேன். வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்து எறும்புகளைப் பார்ப்பார். வீட்டில் போட்டது போட்டபடி கிடக்குமே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"இங்க வந்து பாரு புள்ள," என்றார் ஒருநாள். தட்டைப்பயறின் பூங்காம்பில் எறும்புகள் மொய்த்துக் கிடந்தன. "பூவே இன்னும் விரியல. என்னத்தக் குடிக்குதுக?" அந்த இடத்தை விரலால் தொட்டு என் நாக்கில் வைத்தார். லேசாக இனித்தது. பிறகு நானும் துண்டில் ஓரமாக உட்காரத் தொடங்கினேன்.

பக்கத்து வயல் வெறும் தரிசு. சூடேறிய மண்ணில் கட்டெறும்பு மட்டும் ஓடும். எங்கள் வயலிலோ பிள்ளையார் எறும்பு, சுள்ளெறும்பு, சருகுக்கடியில் தூசிபோல் ஊரும் பெயர் தெரியாத ஒன்று. "அங்கிட்டு ஒண்ணுதான். இங்கிட்டு எத்தன வகை பாத்தியா," என்பார், தானே வளர்த்ததைப்போல.

சணப்பு மஞ்சளாகப் பூத்த வாரத்தில், ஒரு விடியலில் அவர் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடியும்வரை யாரும் வயல் பக்கம் போகவில்லை. முடிந்த மறுநாள் கொழுந்தன் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, தண்டு முத்திப்போச்சு. இனியும் விட்டா மடக்க முடியாது. டிராக்டருக்குச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

டிராக்டர் வருமுன் நான் வயலுக்குள் இறங்கினேன். ஒரு சணப்புத் தண்டில் புது எறும்பு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. கறுப்பு உடம்பு, பின்பக்கம் மட்டும் பொன்னாக மின்னியது. அவர் ஒருநாளும் இதைக் காட்டியதில்லை. "ஏங்க, இதப் பாருங்க," என்று திரும்பிவிட்டேன்.

வரப்பில் கொழுந்தன் நின்றிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். சாவு வீட்டில் வராத அழுகை எனக்கு அந்தச் செடிகளுக்குள்தான் வந்தது.

உழும்போது முத்திய தண்டுகள் கலப்பையில் சுற்றிக்கொண்டன. டிரைவர் இறங்கி இறங்கி அறுத்துப் போட்டார். முட்டைகளைக் கவ்விக்கொண்டு எறும்புகள் வரப்பேறின. புரட்டாசியில் நடவு நட்டபோதும் மக்காத நார் காலில் தட்டுப்பட்டது. நெல் சுமாராகத்தான் விளைந்தது.

இந்தச் சித்திரையிலும் சணப்பு போடலாமா என்று கொழுந்தன் தயங்கிக் கேட்டார். போடுங்க என்றேன். நன்றாக வந்திருப்பதாகச் சொல்கிறார். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.