சோலைமுத்து திரும்பிப் பார்ப்பதில்லை

சின்னாளபட்டியைத் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் வேனின் சக்கரம் இறங்கி ஏறுகிறது. சோலைமுத்துவின் கழுத்து திரும்பத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. மார்கழிப் பனி விலகாத காலையிலும் நெற்றியில் வியர்வை. பின்னால் நிலக்கோட்டைப் பூ மூட்டைகள் ஒருபக்கமாகச் சரிகின்றன. வேன் நிற்கவில்லை.

“பள்ளம்னு கண்ணுக்குத் தெரியுது. மனசு, ஆளுமேல ஏத்திட்டேங்குது,” என்கிறார், அவரைப் பற்றி எழுத வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னிடம்.

நாற்பதைத் தாண்டிய கட்டையான மனிதர். காக்கிச் சட்டைக்குக் கழுத்துவரை பித்தான் போட்டிருப்பார். ஊரே கேட்க ஹாரன் அடிப்பார். எட்டு வருஷத்துக்கு முன்பு பழனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் சக்கரத்தில் ஒரு கோழிகூட மாட்டியதில்லை. ஒருநாள் ஒட்டன்சத்திரத்துக்கு இப்பால், எதிலோ அடிபட்டுக் கிடந்த ஒரு பெரியவரைத் தூக்கித் தன் பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்தார். திண்டுக்கல் வருவதற்குள் உயிர் போய்விட்டது. “அடிச்சவனுக்கே தெரிஞ்சிருக்காதுப்பா,” என்று யாரோ ஒரு பயணி சொன்னார். சொன்னவர் இறங்கிப் போய்விட்டார். சொல் சோலைமுத்துவுக்குள் தங்கிவிட்டது.

அதன்பிறகு பஸ் குலுங்கினால் போதும், நிறுத்திவிட்டு இறங்குவார். டயரைத் தடவிப் பார்ப்பார். வந்த வழியே நடந்துபோய்ப் புதரை விலக்குவார். பயணிகள் வைதார்கள். கம்பெனி வேலையைவிட்டு நிறுத்தியது. சைக்கிளில் போகும்போதும் அந்தப் பயம் விடவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று, “இன்னிக்கு ரோட்டுல யாராச்சும் செத்துக் கெடந்தாங்களாய்யா?” என்று கேட்க ஆரம்பித்தார். ஒருநாள் உண்மையிலேயே ஒருவர் செத்துக் கிடந்தார். “நானாத்தான் இருக்கும்,” என்றார் சோலைமுத்து. மோதிய லாரிக்காரன் பிடிபடும்வரை அவரை உள்ளே வைத்து அடித்தார்கள். இடது கையின் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை.

வீட்டில் மனைவி அங்கம்மாள் பட்டது வேறு. “நான் யாரு மேலயும் வண்டிய ஏத்தலயே?” என்று ஓயாமல் கேட்பார். அவளும் இல்லையென்று சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்வாள். கொஞ்ச நேரம் அடங்கும், மறுபடி கேட்பார். பேயோட்டும் கோடாங்கியிடம் கூட்டிப்போனாள். முதுகில் சாட்டைத் தழும்புதான் மிச்சம். கடைசியில்தான் மதுரையில் மனநல டாக்டர் ஞானதாஸிடம் போனார்கள்.

டாக்டர் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தன் காரின் சாவியைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, கரடுமுரடான வண்டிப்பாதையில் ஓட்டச் சொன்னார். “திரும்பாதீங்க. ஏத்திருக்கலாம், ஏத்தாமலும் இருந்திருக்கலாம். தெரியாமலே போங்க,” என்றார். சோலைமுத்து காரை நிறுத்தி வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினார். இப்படியே பல மாதம். நடுவில் ஒருமுறை எல்லாம் பழையபடி ஆகி, பாதி ராத்திரியில் ரோட்டைத் தேடி ஓடினார். அங்கம்மாள்தான் மறுபடி மதுரைக்கு இழுத்துப் போனாள்.

அவளுக்கும் டாக்டர் ஒரு கட்டளை போட்டிருந்தார். புருஷன் கேட்டால் பதில் சொல்லக் கூடாது; சொல்லச் சொல்ல நோய்தான் வளரும்.

“காலைப் பிடிச்சு அழுவாருங்க,” என்றாள் என்னிடம். “இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா அடங்கிரும். சொல்ல மாட்டேன். புடவையை வாயில அடச்சுக்கிட்டு நிப்பேன். பக்கத்து வீட்டுக்காரிக என்னையக் கல்லுன்னாக.”

பூக்கமிஷன் கடைக்காரர் ஒருவர் துணிந்து வேனைக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. நோய் போய்விட்டதா என்று கேட்டேன். “எங்க போகுது? கூடவேதான் வருது. நான் ஓட்டுறேன், அது கத்திக்கிட்டு வரட்டும்,” என்றார்.

அன்று மூட்டைகளைச் சந்தையில் இறக்கிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். இரண்டு வாய் உண்டதும் கை நின்றது. முகம் வெளுத்தது.

“அங்கம்மா, இன்னிக்கு அந்தப் பள்ளத்துல நான்...”

அங்கம்மாள் பொரியல் கரண்டியோடு அசையாமல் நின்றாள். முந்தானை வாய்க்குப் போயிருந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தட்டை அவள் பக்கம் நீட்டினார்.

“கொஞ்சம் வெஞ்சனம் வையி.”