புலமைப்பரிசில் என்று வாசிக்க வைத்தவர்

கோயிலில் துக்கமணி அடித்தபோது நான் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். யாருக்கென்று கேட்க வேலிப் படலையடிக்குப் போனேன். பக்கத்து வீட்டு மரியம்மாக்கா, "எங்கடை றெஜினா ரீச்சர், பிள்ளை" என்றார். வலையைச் சுருட்டி வைத்தேன்.

ரீச்சரை ஊரார் நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் ஐந்தாம் வகுப்பில் அவர்தான் படிப்பித்தார். நான் அந்த வகுப்பைக் காணாதவள். தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த காலம். என் மனுசன் தொழிலில்லாமல் வீட்டில் இருந்தார். மகள் சுகந்தி புலமைப்பரிசில் சோதனையில் சித்தியடைந்துவிட்டாள், படிப்புக்கு மாதாமாதம் அரசாங்கக் காசு வரும் என்று சொல்ல ரீச்சர் சைக்கிளில் வந்தார். தருமக்காசு வாங்கினால் ஊர் சிரிக்கும், வேண்டாம் என்றேன். ரீச்சர் கோபிக்கவில்லை.

"உங்கடை மனுசன் பிடிச்ச மீனுக்குக் காசு வாங்கிறது தருமமோ? உந்தக் காசும் உவள் பிடிச்சதுதான். புலமைப்பரிசில் எண்டால் படிச்ச படிப்புக்குக் குடுக்கிற மரியாதை. கதையை விட்டிட்டுக் கையெழுத்தை வையுங்கோ."

இவர் சிரித்துவிட்டார். நான் கையெழுத்து வைத்தேன்.

அந்த வருடப் பரிசளிப்பு விழாவில் சித்தியடைந்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்தார்கள். பெயர் வாசித்த ஐயா, "வறிய பிள்ளைகளுக்கான தரும உதவி" என்று சொல்லிச் சுகந்தியைக் கூப்பிட்டார். அவள் என் மடியில் முகத்தைப் புதைத்து, இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். படிப்பு அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ரீச்சர் எழும்பினார். புலமைப்பரிசில் என்று திருத்தி வாசிக்கச் சொன்னார். இரண்டும் ஒரே காசுதானே என்றார் ஐயா.

"காசு ஒண்டுதான். மேடையிலை ஏறுற பிள்ளைக்கு ரெண்டும் ஒண்டில்லை. வாசியுங்கோ, வாசிக்குமட்டும் நான் நிக்கிறன்."

ஐயா திருத்தி வாசித்தார். சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். இன்று உயர்தர வகுப்பில் படிக்கிறாள்.

சண்டைக்காரி என்று சிலர் ரீச்சரைச் சொல்வதுண்டு. ஓம், சண்டைக்காரிதான். படுக்கையில் கிடந்தபோது பார்க்கப் போன என்னிடம் சுகந்தியின் கணக்குப் புள்ளியைத்தான் கேட்டார். குறைவென்றதும் என்னை ஏசினார்.

இனி ரீச்சரின் பெயரில் வருடாவருடம் பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கப்போவதாக எங்கள் ஊர்ச் சங்கத்தார் சொல்கிறார்கள். நல்லது, கொடுங்கள். ஆனால் ஏழை, வறியவர் என்று சொல்லி ஒரு பிள்ளையையும் மேடைக்குக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் நான் எழும்புவேன். ரீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். திருத்தி வாசிக்கும்வரை கதிரையில் இருக்கமாட்டேன்.